கோலிஷ்மார்ட்னு சொன்னா போதுமா?

பழைய ஸ்மால்ஸ்வார்ட், அதான் குத்தறதுக்குன்னே செஞ்ச லேசான வாள், அதோட ஏலக் குறிப்புகளைப் படிச்சாலே எனக்கு எரிச்சலா வரும். பிளேடு எப்படி இருக்குன்னு ஒரு வரி இருக்காது, "கோலிஷ்மார்ட், சுமார் 1690"னு பேரையும் வருஷத்தையும் போட்டுட்டு அடுத்த பொருளுக்குப் போயிடுவாங்க.

கோலிஷ்மார்ட்னா கைப்பிடி பக்கம் நல்ல அகலமா வந்து, கொஞ்ச தூரத்துல தோள் இறங்குற மாதிரி டக்குனு ஒடுங்கி, அங்கேருந்து நுனி வரைக்கும் ஒல்லியாவே போற பிளேடு. எதிராளி வாளைத் தடுக்கறதெல்லாம் அடிப்பகுதிதான், அதான் அங்க இரும்பு ஜாஸ்தி, குத்தப் போற முன்பக்கம் லேசா இருந்தாத்தான் கை சுத்தும். கோனிக்ஸ்மார்க்ங்கிற பிரபு குடும்பத்துப் பேரு மருவி இப்படி ஆச்சுன்னு சொல்றாங்க, சரி அந்தக் குடும்பத்துல யாருன்னு கேட்டா ஒருத்தர் ஸ்வீடன் தளபதி ஓட்டோ வில்ஹெல்முங்கறார், இன்னொருத்தர் வேற ஆளைக் கைகாட்டறார். கேக்க நல்லாருக்கு, அதை வெச்சு வாளுக்கு வருஷம் போடறதுதான் வம்பு. 1720-வாக்குல இந்த வடிவமே ஒழிஞ்சுபோச்சுன்னும் எழுதுவாங்க, ஆனா ராணுவ அதிகாரிங்க அதுக்கப்புறமும் ரொம்ப காலம் இதை விடல, ஜார்ஜ் வாஷிங்டன்கிட்டயே ஒண்ணு இருந்துச்சு.

அந்தக் காலத்து ஆளுங்களே பொழங்கின சொல்லுன்னா "ஹாலோ" பிளேடு. உள்ள ஓட்டைன்னு அர்த்தம் இல்லீங்க. முக்கோண பிளேடோட மூணு முகத்தையும் குழிவா சாணை பிடிச்சு எடுத்திருப்பாங்க, குறுக்குவெட்டுல பாத்தா மூணு பக்கமும் உள்ள வாங்கியிருக்கும், எடை கொறையும் ஆனா விறைப்பு போகாது. ஜெர்மனியில சோலிங்கன் ஆளுங்க இதுல கில்லாடிங்க. அவங்கள்ல சிலரைக் கூட்டிட்டு வந்து இங்கிலாந்துல டர்ஹம் பக்கம் ஷாட்லி பிரிட்ஜ்ல குடி வெச்சாங்க, 1691-ல ஹாலோ ஸ்வார்ட் பிளேட்ஸ் கம்பெனிக்கு அரச சாசனமே கிடைச்சுது. கூத்து என்னன்னா அந்தக் கம்பெனி பின்னாடி அயர்லாந்துல நிலம் வாங்கி, பேங்க் நடத்தி, கடைசில சவுத் சீ கம்பெனிங்கிற பெரிய லண்டன் வணிகக் கம்பெனிக்கே பேங்கரா ஆயிடுச்சு, பேரு மட்டும் வாள் பேரு!

ஃபோர்ட், ஃபாய்பிள் ரெண்டும் வலுவான அடிப்பாதி, வலு கொறஞ்ச முன்பாதி, வாள் வாத்தியாருங்க பாஷை. "ஸ்மால்ஸ்வார்ட்"ங்கிறதும் பழைய பேருதான், 1687-ல வந்த ஸ்காட்லாந்து வாள் வாத்தியார் வில்லியம் ஹோப் புஸ்தகத்தோட தலைப்புலயே இருக்கு. பிளேடுல இருக்கற பள்ளத்தை ரத்தம் ஓடற வழின்னு சொல்றது மட்டும் சுத்தப் பேத்தல், அது எடை கொறைக்க.

அதனால பேரு என்னவோ போட்டுக்கோங்க, குறுக்குவெட்டு மூணு முகமா இல்ல தட்டையா, எத்தனாவது சென்டிமீட்டர்ல ஒடுங்குது, மொத்த நீளம் எவ்ளோன்னு எழுதுங்க. கைப்பிடியைத் தனியா எழுதுங்க, ஏன்னா பழைய பிளேடுல புதுப் பிடி மாட்டறது அப்ப சகஜம், வெள்ளிப் பிடில இருக்கற ஹால்மார்க் அந்தப் பிடிக்கு மட்டும்தான் வருஷம் சொல்லும்.