‘சர்க்கரைதான்’ என்று எழுதிவிடும் முன்

விழித்திரைப் பிரிவில் நாள் முழுதும் சர்க்கரை நோயாளிகளையே பார்ப்பவர்களுக்கு, ரத்தக்கசிவைக் கண்டதும் காரணத்தையும் கண்டுவிட்டதாகத் தோன்றும். கை தானாகவே ‘நீரிழிவு விழித்திரை நோய்’ என்று எழுதிவிடும். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் இந்தப் பழக்கத்தின் நிழலில் ஒளிந்துகொள்ளும் நோய் ஒன்று உண்டு. அதைத் தவறவிட்டால் பார்வை மட்டுமல்ல, உயிரே போகலாம்.

1944-இல் ஸ்வீடன் மருத்துவர் யான் வால்டென்ஸ்ட்ராம் விவரித்த ரத்த நோயில் (வால்டென்ஸ்ட்ராம் மேக்ரோகுளோபுலினீமியா), எலும்பு மஜ்ஜையில் ஒரே வகைச் செல்கள் பெருகி ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் புரதத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஐஜிஎம் ஐந்து அலகுகள் சேர்ந்த பெரிய மூலக்கூறு. அதன் பெரும்பகுதி ரத்தக்குழாய்க்குள்ளேயே தங்கிவிடுவதால் ரத்தம் கெட்டிப்படுகிறது. தண்ணீரின் பிசுபிசுப்பை 1 என்று வைத்தால் சாதாரண சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்) ஏறத்தாழ 1.8-க்குள் இருக்கும், 4-ஐத் தாண்டும்போதுதான் பொதுவாகத் தொல்லைகள் தொடங்கும். மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோயிலும் இது வரலாம், ஆனால் அவ்வளவு அடிக்கடி வராது.

விழித்திரையில் முதலில் சொல்வது சிரைகள்தான். அவை வீங்கி, வளைந்து நெளிந்து, இடையிடையே நூலால் இறுக்கிக் கட்டிய நீள பலூன் போலத் தெரியும். இரண்டு கண்ணிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஆரம்பக் கசிவுகள் நடுவில் இருப்பதில்லை, விளிம்பில் இருக்கும். 45 டிகிரி கேமரா படத்தில் அவை விழாது. சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா முழுதாக விரியும்வரை காத்திருந்து, தலையில் மாட்டிப் பார்க்கும் இன்டைரக்ட் கருவியால் ஓரம் வரை பார்க்க வேண்டும்; தேவைப்பட்டால் வெளியிலிருந்து மெல்ல அழுத்தியும் பார்க்க வேண்டும். கூட்டம் அதிகமான நாளில் இந்த ஐந்து நிமிடத்தைத்தான் நாம் மிச்சம்பிடிக்கப் பார்க்கிறோம்.

சர்க்கரைச் சேதத்தில் மஞ்சள் கொழுப்புப் படிவுகளும் நுண்குழாய்ப் புடைப்புகளும் நடுப்பகுதியைச் சுற்றி நிறைய இருக்கும். இங்கே சிரைகள் இவ்வளவு வீங்கியும் அந்தப் படிவுகள் குறைவு. ‘இரு கண்ணிலும் மையச் சிரை அடைப்பு’ என்று எழுத நேர்ந்தாலும் பேனாவைக் கீழே வைத்து யோசிக்க வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு கண்ணிலும் அடைப்பு வருவது அரிது. வந்தால் காரணம் ரத்தத்தில் இருக்கிறதா என்று தேட வேண்டும். “ஐயா, பல் விளக்கும்போது ரத்தம் வருதுங்களா? மூக்குல வருதா? தலை சுத்துதா?” என்ற மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில் பல ஸ்கேன்களை விட உதவும்.

அடுத்த படி மலிவானது. ரத்தத்தின் மொத்தப் புரதத்திலிருந்து ஆல்புமின் என்ற புரதத்தைக் கழித்தால், ஐஜிஎம்மும் அடங்கிய குளோபுலின் வகைப் புரதங்களின் அளவு வரும். மொத்தம் 9.8, ஆல்புமின் 3.2 என்றால் குளோபுலின் டெசிலிட்டருக்கு 6.6 கிராம், சாதாரணமாக 3.5-க்குள் இருக்க வேண்டியது. சிவப்பணுக்கள் படியும் வேகமான ஈஎஸ்ஆர் 100-ஐத் தாண்டுவதும், ரத்தப் பூச்சில் சிவப்பணுக்கள் அடுக்கிய காசுகள் போல ஒட்டியிருப்பதும் சந்தேகத்தை வலுப்படுத்தும். ‘சாம்பிள் சரியில்லை, திரும்ப எடுத்து அனுப்பவும்’ என்று ஆய்வகம் மீண்டும் மீண்டும் சொன்னால் எரிச்சல்பட வேண்டாம். சீரம் கெட்டிப்பட்டுக் கருவியில் ஓடாமலும் இருக்கலாம். கல்லீரல் நோயிலும் நாள்பட்ட தொற்றிலும்கூட குளோபுலின் ஏறும். அதைப் பிரித்துக் காட்டுவது, புரதங்களை மின்புலத்தில் பிரித்து வரைபடமாக்கும் எலெக்ட்ரோபோரெசிஸ்: தொற்றில் அகலமான மேடு, இந்த நோயில் ஊசிபோல் ஒரு முனை.

பிசுபிசுப்பை அளக்கும் பரிசோதனை எல்லா ஆய்வகத்திலும் கிடைக்காது. விழித்திரையே சாட்சி சொல்லும்போது அந்த எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது. ரத்தநோய் மருத்துவருக்கு எழுதும் கடிதத்தில் ‘கருத்துக் கூறவும்’ என்று மட்டும் எழுதினால் அது வரிசையில் படுத்துவிடும். ‘ரத்தம் கெட்டிப்பட்டதற்கான அறிகுறி இரு கண்ணிலும் உள்ளது, பிளாஸ்மா மாற்றம் அவசரமாகத் தேவைப்படலாம்’ என்று முதல் வரியிலேயே எழுத வேண்டும். (ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்துவிட்டு மாற்றுத் திரவம் செலுத்துவதே பிளாஸ்மா மாற்றம்.) ஹீமோகுளோபின் குறைவாக இருப்பதைப் பார்த்து உடனே ரத்தம் ஏற்றிவிடும் ஆபத்தும் உண்டு. சிவப்பணுக்கள் சேரச் சேர கெட்டித்தன்மை இன்னும் கூடும் என்பதால், பொதுவாகப் பிளாஸ்மா மாற்றத்துக்குப் பிறகே ஏற்ற வேண்டும். இந்த நோய்க்குக் கொடுக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்தும் ஆரம்பத்தில் ஐஜிஎம்மைத் தற்காலிகமாக ஏற்றிவிடக்கூடும். அளவு மிக அதிகமாக இருப்பவர்களுக்கு முதலில் அதைக் குறைத்துவிட்டே கொடுப்பார்கள்.

பிளாஸ்மா மாற்றத்தில் ஒரே அமர்வில் ஐஜிஎம் ஏறத்தாழ பாதிவரை குறையலாம். அதிகமும் குழாய்க்குள்ளேயே இருப்பதுதான் காரணம். சிரைகளின் வீக்கமும் வடியத் தொடங்கும். ஆனால் மஜ்ஜையில் உற்பத்தி நிற்கவில்லை என்பதால், மருந்து தொடங்காவிட்டால் சில வாரங்களில் பழையபடி ஏறிவிடும்.

மிகவும் குழப்புவது விழித்திரையின் மையமான மாக்குலாவில் தேங்கும் நீர். ஓசிடி (OCT) ஸ்கேனில் விழித்திரைக்கு அடியில் நீர் தெரியும். சாயம் ஏற்றி எடுக்கும் ஆஞ்சியோகிராமில் கசிவே இருக்காது. குழாயிலிருந்து ஒழுகும் நீர் அல்ல இது, அடியில் சேர்ந்த புரதம் நீரை இழுத்து வைத்திருக்கிறது என்பதே பொதுவான விளக்கம். அதனால்தான் கண்ணுக்குள் போடும் ஊசிகள் பெரும்பாலும் பலன் தருவதில்லை. நோயாளி ஊசிக்குமேல் ஊசி போட்டுப் பணத்தைக் கரைக்கும் முன் நாம் நிறுத்திக் கேட்க வேண்டும். புரதம் குறைந்த பிறகும் இந்த நீர் வடியப் பல மாதங்கள் ஆகலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

கருவிழியிலும் (கார்னியா) இதே புரதங்கள் படியும். ஸ்லிட் லேம்ப் நுண்ணோக்கியில் மினுக்கும் படிகங்களாகவோ மங்கலான படலமாகவோ இரு கண்ணிலும் தெரிந்தால் பரம்பரைக் கோளாறு என்று எழுதிவிடத் தோன்றும். குடும்பத்தில் யாருக்கும் இல்லை, ஐம்பது வயதுக்கு மேல்தான் தொடங்கியது என்றால் எலெக்ட்ரோபோரெசிஸ் கேட்க வேண்டும். கருவிழி மாற்று அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே அதன் முடிவு கையில் இருக்க வேண்டும். ரத்தத்தில் புரதம் அப்படியே இருந்தால் மாற்றி வைத்த கருவிழியிலும் அது மறுபடி படியக்கூடும்.