மைலோ பெட்டி ஒட்டின ஜன்னல்

போன வாரம் அக்கா மகளோட ரிப்போர்ட் புக்க வாங்க ஸ்கூலுக்குப் போயிருந்தேன். பேரு வேண்டாம், மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி. மூணு மாடி, புது பெயிண்ட். ஆனா கிளாஸுக்குள்ள பாத்தா ஜன்னல் பூரா மைலோ அட்டைப் பெட்டியக் கிழிச்சு ஒட்டி வச்சிருக்காங்க. என்ன டீச்சர் இதுன்னு கேட்டா, காலைல எட்டு மணி வெயிலு நேரா வைட்போர்டுல அடிக்குதாம், பின்னாடி உக்காந்திருக்கிற பிள்ளைக்கு எழுத்தே தெரியலையாம். அட்டைய ஒட்டினதும் காத்து நின்னு போச்சு, இப்ப பகல் பூரா லைட்டு, ஃபேனு.

ஈப்போல ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல இருக்கிற மச்சான்கிட்ட சொன்னேன். எடுத்த எடுப்புல, "காரிடார் எந்தப் பக்கம்டா?"ன்னான். மேற்குப் பக்கம்னேன், கேட்டும் ரோடும் அங்கதானே இருக்கு, ஜன்னலுங்க கிழக்க.

"அதான்"னான்.

நம்ம ஊர்ல பில்டிங்கோட நீளப் பக்கம் வடக்கும் தெற்கும் பாக்கணுமாம், அப்பதான் கூரை நீட்டலே வெயில மறைச்சிடும், கிழக்கு மேற்கு வெயிலு தாழ்வா வந்து கூரைக்கு அடியில நுழைஞ்சிடும். ஆனா இந்த ஸ்கூல் நிலம் செம்பனைக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஒரு நீட்டு நாடா, பில்டிங்க திருப்பவே முடியாது. சரி, காரிடாரையாவது கிழக்க வச்சிருந்தா காலை வெயில அது தாங்கியிருக்கும், மேற்கு வெயிலு ஏறுறதுக்குள்ள பிள்ளைங்க வீட்டுக்குப் போயிடும். ரோட்லேருந்து பாக்க முகப்பு அழகா இருக்கணும்னு மாத்திப் போட்டுட்டாங்க போல. 1984 கட்டட விதிப்படி வகுப்பறைத் தரைப் பரப்புல 20 விழுக்காடு ஜன்னல் இருக்கணும், காத்துக்கு மட்டும் 10 விழுக்காடு திறப்பு வேணும். "பிளான் பாஸாயிருக்கும், மைலோதான் ஃபெயிலாக்கிடுச்சு"ன்னு சிரிக்கிறான்.

அம்மா படிச்ச தோட்டத்துப் பள்ளிக்கு ஆர்க்கிடெக்ட்டே கிடையாது. 7லேருந்து 14 வயசுக்குள்ள பத்து பிள்ளைங்க இருந்தா பள்ளிக்கூடம் வைக்கணும்னு வெள்ளக்காரன் காலத்து லேபர் சட்டம் சொல்ல, தொரைமாருங்க லயத்துக்கு, அதான் தோட்டத் தொழிலாளிங்க வீட்டு வரிசைக்குப் பக்கத்துல ஒரு கொட்டாய எழுப்பி விட்டாங்க. இடுப்பளவு பலகை, மேல கம்பி வலை, தகரக் கூரை. காத்து அள்ளிக்கிட்டுப் போகும், ஆனா மழை வந்தா வாத்தியார் சத்தம் கேக்காது, எல்லாரும் வாய்ப்பாட்டக் கத்துவாங்களாம். அதுவும் சொர்க்கமில்ல லா.

அடுத்த சனிக்கிழமை ஸ்கூல்ல கோத்தோங்-ரோயோங், எல்லாரும் சேந்து செய்யுற கூட்டு வேலை, ஜன்னலெல்லாம் சுத்தம் பண்ணணுமாம். "மாமா, அட்டைய மட்டும் பிச்சிடாதீங்க"ன்னு அக்கா மக இப்பவே சொல்லிட்டா.