திருமணத்துக்கு அரசியலமைப்பில் பூட்டு எதற்கு?

தன்பாலினத் திருமணத்தைச் சட்டம் ஏற்பதா வேண்டாமா என்பதை நாடாளுமன்றமே முடிவு செய்யட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று ஒதுங்கிக்கொண்ட பிறகும், பெங்களூரு அல்சூரில் என் மூத்த நண்பர் ஒருவருக்கு மனம் ஆறவில்லை. “நாளைக்கு நாடாளுமன்றமே மனம் மாறிவிட்டால்? ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும்தான் கல்யாணம் என்று அரசியலமைப்பிலேயே எழுதிவிட வேண்டும், தம்பி” என்கிறார். அமெரிக்காவில் அப்படி முயன்றார்களே என்று சான்றும் காட்டுகிறார்.

முயன்றார்கள்தான். 2004இலும் 2006இலும் அந்தத் திருத்தம் செனட்டைத் தாண்டவில்லை. இரண்டாம் முறை அதற்கு ஆதரவாக விழுந்த வாக்குகள் 49, அதாவது நூறு பேர் அவையில் பாதிகூட இல்லை. கலிபோர்னியா மாநிலமோ 2008இல் பொதுவாக்கெடுப்பு நடத்தித் தன் மாநில அரசியலமைப்பில் அந்த வரியைச் சேர்த்தது. நீதிமன்றத் தீர்ப்புகளால் 2013இல் அங்கே தன்பாலினத் திருமணங்கள் மீண்டும் தொடங்கிவிட்டன. ஆனால் செத்துப்போன அந்த வரியை நீக்க 2024இல் இன்னொரு வாக்கெடுப்பு தேவைப்பட்டது.

சாதாரணச் சட்டம் பிடிக்காவிட்டால் அடுத்து வரும் பெரும்பான்மை அதை மாற்றிக்கொள்ளலாம். நம் அரசியலமைப்பில் ஏறியதை இறக்க, நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களிக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். எனவே இத்திருத்தத்தைக் கேட்பவர் இன்றைய வாதத்தில் வெல்ல மட்டும் விரும்பவில்லை. தம் பேரப்பிள்ளைகள் வேறு மாதிரி நினைத்துவிடுவார்களோ என்று அஞ்சி, அவர்கள் கையை இப்போதே கட்டிவைக்கப் பார்க்கிறார்.

தமிழரான நாம் இதை எளிதில் புரிந்துகொள்ள வேண்டும். புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்ட சுயமரியாதைத் திருமணங்கள் நீண்ட காலம் சட்டத்தின் கண்ணில் திருமணமாகவே இல்லை. 1967இல் அண்ணா ஆட்சியில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம், முன்பே நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. சடங்கு இருந்தால்தான் திருமணம் என்று 1950இலேயே அரசியலமைப்பில் எழுதி வைத்திருந்தால், அந்தச் சட்டமன்றத்தால் என்ன செய்திருக்க முடியும்?

“அதுவும் இதுவும் ஒன்றா?” என்று கேட்டார் நண்பர். ஒன்றல்லதான், அங்கே தடையாக நின்றது சடங்கு, இங்கே பால். ஆனால் சட்டம் கைவிட்டால் வரும் அல்லல் ஒரே வகையானது. எங்கள் தெருவில் பல ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழும் இரு ஆண்களில் ஒருவருக்குச் சென்ற ஆண்டு அறுவை சிகிச்சை. படிவத்தில் ‘நோயாளிக்கு உறவு’ என்ற கட்டத்தில் மற்றவர் எழுதியது ‘நண்பர்’. மருத்துவமனை அந்தக் கையெழுத்தை ஏற்கவில்லை. ஆம்பூரிலிருந்து அண்ணன் வந்து கையெழுத்திடும் வரை நோயாளி காத்திருந்தார். அமெரிக்க வரைவின் இரண்டாம் வாக்கியமோ திருமணத்தோடு நிற்கவில்லை. திருமணத்தால் வரும் சட்ட உரிமைகளைக்கூட அரசியலமைப்பின் பெயரால் இவர்களைப் போன்றவர்கள் கோர முடியாதபடி அடைக்க முயன்றது. நண்பர் கேட்பது அந்த வாக்கியத்தையும் சேர்த்துத்தானா என்பதை அவர் இன்னும் சொல்லவில்லை.