இரண்டாவது கப்பல்

நேற்றுப் பின்னேரம் சிட்னியில் கப்பலேறினோம். இன்று டிசம்பர் 23. எந்தப் பக்கம் திரும்பினாலும் டாஸ்மன் கடல்தான்.

தாதியாக வேலை செய்த 27 வருடத்தில் ஒரு கிறிஸ்மஸுக்கும் நான் வீட்டில் இருந்ததில்லை. நாங்கள் சைவக்காரர். வேதக்காரப் பிள்ளைகள் அன்றைக்குத் தங்கள் வீட்டாரோடு இருக்கட்டும் என்று அந்த ஷிஃப்டை நானே கேட்டு வாங்கிவிடுவேன். இந்த ஓகஸ்டில் ஓய்வு பெற்றேன். அடுத்த கிழமையே இவர் 13 இரவுப் பயணத்துக்குப் பதிந்துவிட்டு வந்து நின்றார். நியூசிலாந்தைச் சுற்றிவிட்டுச் சிட்னிக்கே திரும்பி வரும் கப்பல்.

நான் கேட்ட முதல் கேள்வி, "இஞ்சேருங்கோ, அறையில ஜன்னல் இருக்குமோ?"

"பல்கனியே இருக்கு. உம்மை நான் கீழ படுக்க விடுவனே?" என்றார்.

அவருக்குத் தெரியும், இது எனக்கு இரண்டாவது கப்பல் என்று.

முதலாவது லங்கா கல்யாணி, 1983. ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தை வீட்டை விட்டு ஓடி, பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூட முகாமில் கிடந்துவிட்டு, அம்மாவும் தம்பியும் நானும் அதில் ஏறினோம். எனக்கு 19 வயது. அது சரக்குக் கப்பல். சாமான் அடுக்குகிற கீழ்த்தட்டில் சனம் நெருக்கியடித்துப் படுத்திருந்தது. கொழும்பிலிருந்து நேரே வடக்கே போனால் காங்கேசன்துறை வந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். மன்னார்ப் பக்கம் கடலில் ஆழமில்லை, பெரிய கப்பல் போகாது. காலி, மட்டக்களப்பு, திருகோணமலை என்று தீவைச் சுற்றித்தான் போக வேண்டும். அவ்வளவு தூரமும் நான் கடலைக் காணவேயில்லை. இரும்புச் சுவரும் மேலே ஒரு துண்டு வானமும்தான். தம்பி என் மடியில் சத்தி எடுத்துக்கொண்டே வந்தான். காங்கேசன்துறையில் இறங்கியதும் ஆரோ ஒரு அம்மா ஒரு சோற்றுப் பொதியை என் கையில் வைத்தா. கத்தரிக்காய்க் கறி. அந்த வாழையிலை மணம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இந்தக் கப்பல் ஹார்பர் பாலத்துக்குக் கீழால் போக முடியாத உயரம். அதனால்தான் பாலத்துக்கு இந்தப் பக்கம், கடல் பக்கத்தில் இருக்கிற சர்குலர் கீ துறையிலேயே கட்டியிருந்தார்கள். ஏறியதும் பாதுகாப்பு அங்கியை எப்படிக் கட்டுவது, ஏழு தரம் குறுகலாகவும் ஒரு தரம் நீளமாகவும் ஊதினால் எங்கே போய் நிற்பது என்று சொல்லித் தந்தார்கள். மற்றவர்கள் குடிக்க ஏதாவது வாங்கப் போய்விட்டார்கள். நான் அங்கேயே நின்று உயிர்காப்புப் படகுகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். அன்றைக்கு எங்களுக்கு இதெல்லாம் ஒருவரும் சொல்லவில்லை. கேட்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

ஓபரா ஹவுஸைக் கடந்து, துறைமுக வாயிலின் இரண்டு மலைமுனைகளுக்கு நடுவால் வெளியே வந்தோம். வழிகாட்டி வந்த மாலுமியை ஒரு சின்னப் படகு வந்து ஏற்றிக்கொண்டு போனது. அப்புறம் அலை தூக்க ஆரம்பித்தது. இஞ்சி போட்ட தேத்தண்ணியும் பருத்தித்துறை வடையும்தான் என் இரவுச் சாப்பாடு. (கடையில் வாங்கிய பக்கற். அதையும் கப்பலிலேயே தின்று முடிக்க வேண்டும். நியூசிலாந்தில் சாப்பாட்டுச் சாமானோடு இறங்குவதற்குச் சட்டம் கடுமை.)

இவருக்கு வெலிங்டனில்தான் ஆசை. அங்கே தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு தமிழ் மணி இருக்கிறது. முகைதீன் பக்ஸ் கப்பலின் மணி என்று பழைய தமிழ் எழுத்தில் பொறித்த வெண்கல மணி, அடி விளிம்பு உடைந்துபோனது. 1830களில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி அதைக் கண்டபோது, நியூசிலாந்துப் பழங்குடிகளான மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்களாம். அந்தக் கப்பலில் வந்தவர்களுக்கு என்ன ஆனது என்று இவர் நேற்றிலிருந்து மூன்று தரம் கேட்டுவிட்டார். மணி காட்சிக்கு இல்லாவிட்டாலும் அந்தக் கட்டடத்துக்குள் ஒருக்கால் போய்வர வேண்டும் என்கிறார். சரி, போவோம்.

எனக்கு மில்ஃபர்ட் சவுண்ட் போதும், மலைகளுக்கு நடுவால் கடல் உள்ளே புகுந்து கிடக்கிற இடம். நாளை மறுநாள், கிறிஸ்மஸ் காலையில் கப்பல் அதற்குள் போகும். இறங்க விடமாட்டார்கள். உள்ளே போய்த் திரும்பி வரும், அவ்வளவுதான். உலகத்தில் நிறைய மழை பெய்கிற இடங்களில் அதுவும் ஒன்று. மழை பெய்தால் மலைகளெல்லாம் அருவியாக ஊற்றுமாம். நான் மழைக்குத்தான் நேர்ந்துகொண்டிருக்கிறேன்.

இன்றிரவு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைக்கச் சொல்லி அறிவித்திருக்கிறார்கள். இவர் நித்திரை. பல்கனிக் கதவு திறந்தபடிதான் இருக்கிறது. குளிருக்கு இரண்டு போர்வையையும் தானே இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். கதவைச் சாத்தச் சொல்லி நேற்றும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை.