அக்ரஹாரவில் கண்ணாடிப் பணம்: “பவர் வேறு” என்று திரும்பி வந்த விண்ணப்பம்

அரச ஊழியர்களுக்கான ‘அக்ரஹார’ காப்புறுதியில் கண்ணாடிக்காக விண்ணப்பித்த பணம் கணக்குக்கு வந்துவிட்டது. ஆனாலும் மனம் ஆறவில்லை. அரச ஊழியர்கள் பலர் இதே இடத்தில் அகப்பட்டு, “போனால் போகட்டும்” என்று கைவிட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். மாதாமாதம் எங்கள் சம்பளத்தில் கழிக்கும் காசுக்குரிய உரிமை அது.

கிளினிக்கில் கண் காட்டியது, மட்டக்களப்பு நகரில் கண்ணாடி செய்வித்தது, படிவத்தில் அதிபரின் ஒப்பம் வாங்கியது எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. மருத்துவர் கண்ணாடி அளவு எழுதித் தந்த துண்டையும் கடை பில்லையும் மூலப் பிரதிகளாகவே இணைத்துக் கொடுத்தேன். சில வாரங்கள் கழித்து, ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்போடு விண்ணப்பம் திரும்பி வந்தது: “துண்டில் உள்ள பவரும் பில்லில் உள்ள பவரும் வேறு. திருத்தி அனுப்பவும்.”

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் படிப்பிக்கும் எங்களுக்குக் கந்தோர் அலுவல் என்றால் ஒரு நாள் லீவு போய்விடும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு, பாதைப் படகுக்காகத் துறையில் காத்துக் கிடக்கும் கஷ்டம் தீர்ந்தது உண்மைதான். ஆனால் கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து பஸ் பிடித்து, கந்தோரில் உரிய ஆள் கதிரையில் இருக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்வது இன்றைக்கும் லேசான காரியமில்லை.

“டீச்சர், நான் டொக்டர் இல்லை. இதில் கூட்டல் அடையாளம், அதில் கழித்தல் அடையாளம். இதை அப்படியே மேலே அனுப்பினால் என்னிடம்தான் விளக்கம் கேட்பார்கள்” என்றார், கந்தோரில் விண்ணப்பங்களைப் பார்க்கும் உத்தியோகத்தர். அவருடைய பயம் நியாயமானதுதான். என் விளக்கத்துக்குக் காது கொடுக்காமல் கோவையை மூடியதுதான் நியாயமில்லை.

வலது கண்ணுக்கு மருத்துவர் எழுதியது: ஸ்பியர் (அடிப்படைப் பவர்) +1.00, சிலிண்டர் (கண்ணின் வளைவு சீரில்லாததைச் சரிசெய்யும் பவர்) +0.75, அக்சிஸ் (அந்தச் சிலிண்டர் நிற்கும் கோணம்) 90. பில்லில் இருந்தது: +1.75, −0.75, 180. பார்த்தால் மூன்று எண்களும் வேறுதான். ஆனால் கண்ணாடி ஒன்றே. சிலிண்டரைக் கூட்டலில் எழுதும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி வெட்டும் இடங்களில் பெரும்பாலும் கழித்தலில்தான் எழுதுவார்கள். ஒன்றை மற்றதாக மாற்றும் கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். ஸ்பியரையும் சிலிண்டரையும் கூட்டினால் புதிய ஸ்பியர். சிலிண்டரின் அடையாளத்தை மட்டும் மாற்ற வேண்டும். அக்சிஸ் 90 அல்லது அதற்குக் குறைவென்றால் 90ஐக் கூட்ட வேண்டும், அதிகமென்றால் 90ஐக் கழிக்க வேண்டும். எழுபதோடு முப்பதைக் கூட்டினாலும் நூற்றைம்பதில் ஐம்பதைக் கழித்தாலும் கையில் நிற்பது நூறு ரூபாய்தானே?

கடைக்குப் போனேன். அங்கே நின்ற தம்பி, “இதற்கா அலைகிறீர்கள் மிஸ்?” என்று கேட்டுக்கொண்டே பேனாவை எடுத்து, மருத்துவரின் துண்டிலேயே எண்ணை வெட்டி எழுதக் குனிந்தார். பாய்ந்து பறித்துக்கொண்டேன். அவர் உதவத்தான் நினைத்தார். ஆனால் வெட்டித் திருத்திய துண்டு எந்தக் கந்தோரிலும் செல்லாது. அது மட்டுமா, மருத்துவரின் ஒப்பத்துக்கு மேல் வேறொருவர் எண்ணை மாற்றினால் அது பொய் ஆவணம். பழி விண்ணப்பித்தவர் தலையில்தான் விழும். எழுதிக் கொடுத்தவரைத் தவிர வேறு எவருடைய பேனாவும் அந்தத் துண்டில் படக் கூடாது. நீங்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

கடையின் கண் பரிசோதகர், இரண்டு அளவுகளும் ஒன்றே என்று கடிதத் தாளில் எழுதி முத்திரை குத்தித் தந்தார். “விற்றவரே சாட்சி சொன்னால் எப்படி டீச்சர்?” என்று கந்தோரில் அதையும் தள்ளிவிட்டார்கள். அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் கண் கலங்கிவிட்டது.

மறுபடியும் கிளினிக். பவர் பார்க்கும் தொழில்நுட்பவியலாளர் முகம் சுளிக்காமல் கண்ணாடியை அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தார். துண்டைத் தொடாமல், தனித் தாளில் இரண்டு விதமாகவும் எழுதி, “மாற்றமில்லை” என்று குறித்து, மருத்துவரின் ஒப்பமும் திகதியும் முத்திரையும் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

அந்தத் தாளோடு போனபோது, கல்குலேட்டரை உத்தியோகத்தரின் பக்கம் நகர்த்தி, “நீங்களே கூட்டிப் பாருங்கள் சேர்” என்றேன். ஒன்றையும் முக்காலையும் தட்டினார். பில்லைப் பார்த்தார். இடது கண்ணுக்கும் தட்டினார். “சரிதான் டீச்சர்” என்று பென்சில் குறிப்பை அழித்தார். அந்த அழிறப்பர் உரசிய சத்தம் என் காதுக்கு எவ்வளவு இனித்தது!

இனிப் போகிறவர்கள் பில் எழுதும்போதே, “மருத்துவர் எழுதிய விதத்திலும் ஒரு வரி போடுங்கள்” என்று கடையில் கேளுங்கள். வாசிக்க மட்டும் கண்ணாடி செய்விப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். துண்டில் +1.00 என்றும் கீழே ‘அட்’ (வாசிப்புக்குக் கூட்டும் பவர்) +2.00 என்றும் இருந்தால், வாசிப்புக் கண்ணாடியின் ஸ்பியர் +3.00 ஆகும். துண்டில் எங்குமே இல்லாத எண் அது. ஆகவே “வாசிப்புக்கு மட்டும்” என்று பில்லில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். மெஷினில் வரும் பளபளப்பான பில் எங்கள் வெயிலுக்குச் சீக்கிரம் மங்கிவிடும். கடையை விட்டு இறங்கியதும் துண்டுக்கும் பில்லுக்கும் போட்டோ கொப்பி எடுத்து, கொப்பியை வீட்டில் வைத்துவிட்டு மூலப் பிரதியைக் கொடுங்கள்.