விரிசல் எங்கன்னு தெரியணும்

பழைய நீலம் வெள்ளை பீங்கானை யாராவது ரிப்பேர் பண்ணியிருந்தா அந்த வேலை எப்படின்னு பாத்து ரிப்போர்ட் எழுதித் தர்றதுதான் என் பொழப்பு. சென்னைல இதுக்குக்கூட ஆள் இருக்கான்னு சொந்தக்காரங்களே சிரிப்பாங்க. வர்றதுல நிறைய செட்டிநாட்டு வீடுகள்ல பாகம் பிரிச்சப்போ கிடைச்ச சாமான். எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், ஒட்டினது தெரியக்கூடாது. தெரியவே இல்லைன்னா எனக்கு அங்கதான் சந்தேகம் வரும்.

ஏன்னா சீனாவுல ஜிங்டெஜென் மாதிரி ஊர்ல பண்ணின சாமான்ல நீலம் மேல பூசினது இல்ல, கோபால்ட்ங்கற நீலச் சாயத்துல வரைஞ்சு அதுமேல கிளேஸ்ங்கற கண்ணாடிப் பூச்சு கொடுத்து 1300 டிகிரி பக்கம் சுட்டது, அதனால நீலம் கண்ணாடிக்கு அடில கிடக்கும். ஒட்டினதைத் திரும்ப சூளைல வச்சா உள்ளதும் போச்சு, அதனால ரிப்பேர்ல கிளேஸ் மேல பூசறது சுடாத பெயிண்ட்தான். ஜன்னல் வெளிச்சத்துல லேசா சாய்ச்சா வித்தியாசம் தெரிஞ்சிடும். விரல் முட்டியால தட்டினா முழுசா இருக்கறது ணங்குனு இழுக்கும், விரிசல் விட்டது டொக்குனு அடங்கிடும். யூவி டார்ச் அடிச்சா பழைய பசை நிறையத் தனியா ஒளிரும், ஆனா புதுசா வர்ற சில பெயிண்ட் அதுலயும் மாட்டாது, டார்ச்சை மட்டும் நம்பி ரிப்போர்ட் எழுதறவங்களை நான் நம்பறதில்ல.

மயிலாப்பூர்ல ஒரு ஆச்சி பெரிய தட்டு ஒண்ணு காட்டினாங்க, வேற இடத்துல ரிப்பேர் பண்ணினது, பாக்க புதுசு மாதிரி. விளிம்புல நகத்தை ஓட்டினேன், ஒரு இடத்துல வழவழப்பு மாறி லேசா ரப்பர் மாதிரி ஆச்சு. அவங்க சம்மதத்தோட ஒரு ஓரத்துல மட்டும் பஞ்சுல அசிட்டோன் தொட்டு உருட்டினா பெயிண்ட் கழண்டு வருது. அடில இருந்தது தலைமுடி மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கை அகலத்துக்கு ஸ்ப்ரே அடிச்சு, நல்லா இருந்த பூவையும் மூடிட்டு அதே பூவை மேல வரைஞ்சிருக்காங்க!

"ஏந்தம்பி, அப்ப அடில என் பழைய பூ இருக்கா?"

"அப்படியே இருக்கு ஆச்சி."

எனக்கு இதுதான் மோசமான ரிப்பேர், ஒட்டு கோணலா இருந்தாகூட மன்னிச்சிடுவேன். பசைலயும் நம்ம ஊருக்குன்னு ஒரு தலைவலி. பாரலாய்ட் பி-72ன்னு ஒரு பசை, அது அசிட்டோன்ல கரையும், வேணும்னா பிரிச்சிடலாம், ஆனா 40 டிகிரி பக்கம் இளக ஆரம்பிக்கும், கத்திரி வெயில்ல பூட்டின ரூம்ல கனமான ஜாடி ஒட்டு நழுவிடும். எபாக்ஸின்னு இன்னொரு பசை, அது வெயில்ல இளகாம நிக்கும், ஆனா கடைல கிடைக்கற சாதா எபாக்ஸி போகப்போக மஞ்சளாகும், அந்த மஞ்சளை மறைக்கத்தான் திரும்ப ஸ்ப்ரே. அதனால ஒட்டு கச்சிதமா இருக்கா, பெயிண்ட் உடைஞ்ச இடத்தைத் தாண்டாம நிக்குதா, என்ன பசைன்னு எழுதிக் கொடுத்தாங்களா, இதுக்குத்தான் நான் மார்க் போடறது.

ஆச்சி கடைசியா கேட்டது, இதுல பலகாரம் வைக்கலாமான்னு. வேண்டாம் ஆச்சி, பெயிண்ட் சாப்பாட்டுக்கு ஆகாது, சுவத்துல மாட்டறதுன்னாலும் விளிம்பை இறுக்கிப் பிடிக்கற ஸ்பிரிங் கம்பி போடாதீங்க, அந்தக் கோடு நீண்டுடும்னு சொல்லிட்டு வந்தேன்.