எங்கள் பூத்தில் எத்தனை?

ஏப்ரல் 20, 2024, சனி

நேற்றுத் தேர்தல் வேலை. நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளி. இயந்திரங்களை வாங்கிப் போக வண்டி வரும்வரை யாரும் நகர முடியாது என்பதால் பாளையங்கோட்டைக்கு வந்து சேர நள்ளிரவு தாண்டிவிட்டது. கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன.

எனக்குக் கட்டுப்பாட்டுக் கருவியின் பக்கத்தில் நாற்காலி. நான் பொத்தானை அழுத்தினால்தான் மறைப்புக்குள் நிற்பவர் ஓட்டுப் போட முடியும். விளக்கு எரியும், நீண்ட ஒலி கேட்கும், அடுத்தவர் வருவார். அதிகாலையில் முகவர்கள் முன்னால் ஐம்பது ஓட்டுப் போட்டுச் சரிபார்த்து, அதை அழித்து, முத்திரை வைத்து, கையெழுத்து வாங்கிய பிறகுதான் உண்மையான வாக்குப்பதிவு. மாலையில் 17சி படிவத்தில் மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்தது என்று எழுதி ஒவ்வொரு முகவருக்கும் நகல் கொடுக்க வேண்டும். எந்தச் சின்னத்துக்கு எத்தனை என்ற பகுதி அப்போது வெறுமையாகத்தான் இருக்கும். எண்ணும் நாளில் நிரப்புவார்கள்.

மதியம் ஒரு பாட்டி ஓட்டுப் போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார். “நான் எதில் அமுக்கினேன் என்று உனக்குத் தெரிந்திருக்குமா தாயி?”

“தெரியாது பாட்டி.”

“வெளியே நிற்கிறவனுக்கு?”

“அவருக்கும் தெரியாது.”

“அப்படியானால் சரி” என்று விரல் மையை ஊதிக்கொண்டே போய்விட்டார்.

தேர்தல் பணிச் சான்றிதழ் இருந்ததால் நானும் அங்கேயே ஓட்டுப் போட்டேன். யாருக்கு என்பது இந்தக் குறிப்பில் ஒருநாளும் வராது.

ஜூன் 1, சனி

ஏழாம் கட்டமும் முடிந்து மாலையில் கருத்துக்கணிப்புகள். ஏறக்குறைய எல்லாத் தொலைக்காட்சியும் தாமரைக் கூட்டணிக்கு 350க்கு மேல் என்றன. ஒன்று 401 வரை போனது. எதிர்வீட்டு அண்ணாச்சி செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு கிலோ அல்வாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். நெல்லையிலும் தாமரைதான் என்று அவருக்கு அசையாத நம்பிக்கை. பிரதமர் அகஸ்தியர்பட்டிக்கு வந்தபோது வேன் பிடித்துப் போய்வந்தவர் அவர்.

ஜூன் 4, செவ்வாய்

இந்த நாளை எப்படி எழுதுவது? வென்றவர்கள் வீட்டுக்குள் இருந்தார்கள், தோற்றவர்கள் வெடி வெடித்தார்கள்.

எட்டு மணிக்கு அரசு பொறியியல் கல்லூரியில் தபால் ஓட்டு எண்ணத் தொடங்கினார்கள். வாரணாசியில் முதல் சுற்றில் மோடி பின்தங்குகிறார் என்று செய்தி வந்ததும் அண்ணாச்சி வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது. பிறகு அவர் அங்கே ஒன்றரை லட்சத்துச் சொச்சத்தில் ஜெயித்துவிட்டார். ஆனால் உத்தரப் பிரதேசம் முழுக்க வேறு கதை. சமாஜ்வாதிக்கு 37, பாரதிய ஜனதாவுக்கு 33. அயோத்தி அடங்கிய பைசாபாத்தும் கைவிட்டுப் போனது. மதியத்துக்குள் கணக்கு தெளிந்துவிட்டது. 2019இல் தனியாக 303 வாங்கிய கட்சிக்கு இப்போது 240. பெரும்பான்மைக்கு வேண்டியது 272. நாயுடுவின் 16, நிதீஷின் 12 இல்லாமல் ஆட்சி இல்லை. காங்கிரசுக்கு 99. அந்த 99க்கு நடந்த கொண்டாட்டத்தைப் பார்த்தவர்கள் ஆட்சியையே பிடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இங்கே இழுபறியே இல்லை. கைச் சின்னத்தில் நின்ற ராபர்ட் புரூஸ் 5,02,296. தாமரையின் நயினார் நாகேந்திரன் 3,36,676. இரட்டை இலைக்கு டெபாசிட் போய்விட்டது. அதைப் பற்றித் தெருவில் யாரும் பேசவில்லை. அந்த மௌனம் எனக்கு விசித்திரமாக இருந்தது. ஒரு காலத்தில் இதே தெருவில் பாதி வீட்டு வாசலில் இலைக் கோலம் இருக்கும். தமிழ்நாட்டின் 39ம் புதுச்சேரியும் ஒரே பக்கம்.

அத்தைக்கு இதில் எதுவும் பொருட்டில்லை. அவர் நாள் முழுக்க விருதுநகரையே பார்த்துக்கொண்டிருந்தார். விஜயகாந்த் மகன் முன்னிலை, பின்னடைவு, மறுபடி முன்னிலை. ராத்திரி 4,379 ஓட்டில் தோற்றான் என்று வந்ததும், “தகப்பன் செத்து ஆறு மாதம்கூட ஆகவில்லையே” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் காலம் முழுக்கக் கைக்குப் போட்டவர். அங்கே ஜெயித்ததும் கைதான். சொன்னேன். “அது ஓட்டு, இது பிள்ளை” என்றார்.

சென்செக்ஸ் 4,389 புள்ளி சரிந்ததில் என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. போட்டிருப்பது மாதம் இரண்டாயிரம்.

அண்ணாச்சியின் அல்வா வந்து இறங்கியது. யாருக்கும் கொடுக்கவில்லை.

ஜூன் 5, புதன்

காலையில் பால் வாங்கப் போனபோது டீக்கடையில் ஒரு துண்டுக் காகிதம் கைமாறிக்கொண்டிருந்தது. கை கூட்டணியின் பூத் கமிட்டிக்காரர் எண்ணும் இடத்தில் முகவராக உட்கார்ந்து எழுதி வந்தது. எங்கள் பூத்தில் தாமரை முதலிடம். வித்தியாசம் கொஞ்சம்தான். சுற்றியுள்ள பூத் எல்லாவற்றிலும் கை.

தொகுதியையே லட்சத்து அறுபதாயிரத்துச் சொச்சத்தில் ஜெயித்த கூட்டணிக்காரருக்கு நேற்றைய வெடியின் மகிழ்ச்சி இன்று இல்லை. “நம் தெருவில் இருந்துகொண்டே குத்தியிருக்கிறார்கள் டீச்சர்” என்றார்.

ஒரு பூத்தில் எங்கள் தெரு மட்டுமா இருக்கிறது? நான்கைந்து தெரு சேர்ந்துதான் ஒரு பாகம். அதைச் சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

இது இயந்திரத்தோடு வந்த வினை. காகிதச் சீட்டுக் காலத்தில், மிரட்டல் வரும் என்று அஞ்சினால் பல பெட்டிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணச் சொல்லத் தேர்தல் ஆணையத்துக்கு விதி இருந்தது, 59ஏ. இப்போது ஒவ்வொரு இயந்திரமும் தன் பூத்தின் கணக்கைத் தனியாகக் காட்டுகிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் முகவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். பிறகு படிவம் 20 என்று இணையத்திலேயே போடுகிறார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பதினான்கு இயந்திரங்களைச் சேர்த்து மொத்தத்தை மட்டும் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியை ஆணையமே 2008இல் முன்மொழிந்தது. 2015இல் சட்ட ஆணையமும் தன் 255ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. அரசு ஒப்பவில்லை. ஒப்பமாட்டார்கள், எந்தத் தெரு நம்முடையது என்று தெரியாமல் எந்தக் கட்சியால் வேலை செய்ய முடியும்? 2019இல் மத்திய அமைச்சராக இருந்த மேனகா காந்தி மேடையிலேயே சொன்னார், ஓட்டு விகிதப்படி ஊர்களை ஏ, பி, சி, டி என்று பிரித்து அந்த வரிசையில்தான் வேலை நடக்கும் என்று. அவர் வாய்விட்டுச் சொன்னார், மற்றவர்கள் மனதுக்குள் வைத்திருக்கிறார்கள்.

நாங்குநேரிப் பாட்டிக்கு நான் சொன்னது பொய்யில்லை. அவர் ஓட்டு யாருக்கும் தெரியாது. அவர் தெருவின் ஓட்டு தெரிந்துவிடும். அந்தக் கணக்கில் நானும் ஒன்று என்பது மட்டும் அங்கே யாருக்கும் நினைவிருக்காது.

ஜூன் 7, வெள்ளி

தேடல் தொடங்கிவிட்டது. கையில் வாக்காளர் பட்டியல். வீடு வீடாகப் பென்சிலால் குறி போட்டிருக்கிறார்கள். தேவாலயத்துக்குப் போகும் வீடுகளை முதலில் கழித்துவிட்டார்கள். வக்கீல் வீட்டைக் கழித்தார்கள். அண்ணாச்சி வீட்டில் ஐந்து ஓட்டு, அது தெரிந்ததுதான். மிச்சத்துக்கு ஊகம். சாதியை வைத்து, நெற்றியை வைத்து, பிள்ளைகள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதை வைத்து ஊகம். வருமான வரித் துறையே இந்த ஊரைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக விசாரித்திருக்காது.

அண்ணாச்சியோ வேறு கிறக்கத்தில் இருக்கிறார். இதுவரை தெருவில் தாம் ஒருவர்தான் என்று நினைத்திருந்தாராம். “யார் யார் என்று தெரியவில்லை டீச்சர், ஆனால் இருக்கிறார்கள்” என்று ஒவ்வொரு வாசலையும் பார்த்துச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு யார்மேல் விழுகிறதோ அந்த வீட்டுப் பெயரில் பென்சில் குறி விழுகிறது.

டீக்கடையில் வெள்ள நிவாரணத்தில் ஆரம்பித்துச் சண்டை. டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி வந்து போனதற்கு மாநிலம் ஆறாயிரம் ரூபாய் கொடுத்தது என்று ஒருவர். சென்னைப் புயலுக்கும் தென்மாவட்ட வெள்ளத்துக்கும் சேர்த்து 37,907 கோடி கேட்டதற்கு டெல்லி ஏப்ரல் கடைசியில், நாம் ஓட்டுப் போட்டு முடித்த பிறகு, 276 கோடி கொடுத்தது என்று இன்னொருவர். மாநிலம் முன்பே வாங்கி வைத்திருந்த பேரிடர் நிதி எங்கே என்று அண்ணாச்சி. மூன்று பேருமே அந்த வெள்ளத்தில் வக்கீல் வீட்டு மாடியில் ஒரே பாயில் படுத்திருந்தவர்கள்.

ஜூன் 9, ஞாயிறு

இரவு பதவியேற்பு. பிரதமரோடு சேர்த்து 72 பேர். தமிழ்நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், தமிழ்நாட்டில் ஓட்டு வாங்கி ஜெயித்தவர் ஒருவரும் இல்லை. எப்படி இருப்பார்கள்?

அல்வா இன்றுதான் விநியோகம் ஆனது. எல்லா வீட்டுக்கும். வாங்கலாமா கூடாதா என்று பல வாசல்களில் ஒரு கணம் தயக்கம். அத்தை வாங்கி உடனே வாயில் போட்டுக்கொண்டு, “நெய் காறிவிட்டது” என்றார்.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தது. ஏழாம் வகுப்பில் ஒருவன் இன்னொருவனைப் பார்த்து, “உங்கள் தெரு தாமரையாமே” என்றான். வருகைப்பதிவை எடுத்துவிட்டேன்.

ஜூன் 13, வியாழன்

மாவுக்கார மைனி மாலையில் வந்தார். தெருக்கோடியில் இட்லி மாவு அரைத்து விற்பவர். கணவர் இல்லை. மகன் சூரத்தில் துணிக்கடையில் இருக்கிறான். சூரத் என்றால் குஜராத், குஜராத் என்றால் தாமரை. அவ்வளவுதான் துப்பறிந்தது. திங்கள் முதல் பாதி மாவு விற்கவில்லை, புளித்துக் கொட்டுகிறார். மறித்துக்கூட யாரும் கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

“நான் ஓட்டே போடவில்லை டீச்சர். போனேன். பட்டியலில் பேர் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.”

வெள்ளத்துக்குப் பிறகு வீடு மாறியதில் பழைய தெருவில் பெயரை நீக்கியிருக்கிறார்கள். புதிய தெருவில் சேர்க்கவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பூத் கமிட்டிக்காரரிடம் பட்டியல் இருக்கிறதே, அதில் இவர் பெயர் இல்லை என்பதைக்கூடப் பார்க்காமலா இந்தப் பாடு? வாருங்கள், இப்போதே போய்ச் சொல்லுவோம் என்றேன்.

மைனி எழுந்திருக்கவில்லை.

“வேண்டாம் டீச்சர். நான் இல்லை என்றால் அடுத்த வீட்டைப் பிடிப்பார்கள். அவளுக்கு மூன்று பொம்பிளைப் பிள்ளைகள். நான் ஒருத்திதானே, மாவுக் கடையைக் கொஞ்ச நாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வைத்துக்கொள்கிறேன்.”

ஒரு கிலோ மாவு வாங்கினேன். நான் வாங்குவது தெரியட்டும் என்று தூக்குவாளியைத் தெருவோடு ஆட்டிக்கொண்டு எதிர்ச்சாரி வரை போய் வந்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

மைனிக்குப் படிவம் நிரப்பினோம். புகைப்படம் பழையது, பரவாயில்லை. முகவரிச் சான்றுதான் சிக்கல். ஆதாரில் பழைய வீடு. மின்கட்டண அட்டை வீட்டுச் சொந்தக்காரர் பெயரில். வாடகை ஒப்பந்தம் கிடையாது. வீட்டுச் சொந்தக்காரர் வேறு யாருமில்லை, எதிர்வீட்டு அண்ணாச்சிதான்.

இருவரும் போனோம். அண்ணாச்சி பத்திரத்தாளில் வாடகை ஒப்பந்தம் எழுதித் தரச் சம்மதித்தார். முன்பணத்தை உயர்த்தவில்லை. உடனே பேனாவையும் எடுத்தவர், கையெழுத்துப் போடுவதற்கு முன் மைனியை நிமிர்ந்து பார்த்தார்.

“சேர்த்துவிட்டால், அடுத்த முறை நம் சின்னம்தானே?”

மைனி தாளை அவர் பக்கமாக நகர்த்தினார். “நாளைக்கு உங்கள் வீட்டுக்கு எத்தனை கிலோ மாவு அண்ணாச்சி? இப்போதே சொல்லிவிட்டால் அரிசி ஊறப்போடுவேன்.”

இரண்டு கிலோ என்றார். கையெழுத்தும் போட்டார்.